வீட்டுக் காற்றை அளக்கும் சிறு கருவிகள்: எந்தக் கருவி எதைக் காட்டும்?

நுரையீரல் நோயாளர் உள்ள வீடுகள் பலவற்றில் கையடக்கமான காற்றுத்தர அளவி இடம்பெறுகிறது. அது நல்ல துணை என்றே கருதுகிறோம். எனினும் ஒரே கருவி எல்லா வாயுக்களையும் அறியாது.

அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் உணரி, கார்பன் டை ஆக்சைடை அளக்கிறது. வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. பலர் உறங்கும் மூடிய அறையில் 1000-ஐத் தாண்டும். காற்றோட்டம் போதவில்லை, பிறர் விட்ட மூச்சையே நோயாளர் சுவாசிக்கிறார் என்பதே அதன் பொருள். சன்னலைத் திறந்தால் எண் இறங்கும்.

சூடேற்றப்பட்ட உலோக ஆக்சைடு உணரியோ கிருமிநாசினி, நறுமணத் தெளிப்பு, சமையல் ஆவி அனைத்திற்கும் எண்ணை உயர்த்தும். எந்த வாயு என்று கூறாது. ஊதுவத்தி, கொசுவத்திப் புகையின் நுண்துகள்களை அளக்கத் தனி உணரி வேண்டும்.

எரிவாயு கீசர், கரி அடுப்பு, ஜெனரேட்டர் ஆகியவற்றிலிருந்து வெளிப்படக்கூடிய கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உயிரைப் பறிக்க வல்லது. அதற்கெனச் செய்யப்பட்ட எச்சரிக்கைக் கருவி தனியே தேவை. விரலில் பொருத்தும் ஆக்சிமீட்டரை இதில் நம்பலாகாது: அந்த வாயு கலந்த இரத்தத்தையும் அது ஆக்சிஜன் நிறைந்ததாகக் காட்டக்கூடும். வீட்டில் பலருக்கு ஒருசேரத் தலைவலி, குமட்டல், மயக்கம் தோன்றினால், உடனே அனைவரையும் வெளியே அழைத்து வந்து 108-ஐ அழையுங்கள்.

கருவி காட்டும் எண் நன்றாக இருந்தும் மூச்சுத்திணறல் மிகுமாயின், எண்ணை நம்பிக் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.