ஹெல்மெட் நசுங்கினால் சரக்கு மட்டமா?

கேள்வி: ஜெலுத்தோங்கில் இருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குத் தினமும் கப்சாய் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறேன். போன மாதம் என் அண்ணன் மழையில் வழுக்கி விழுந்தார். ஆளுக்கு முழங்கைச் சிராய்ப்போடு சரி. ஆனால் அவருடைய ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டில் விரிசல் விட்டு, உள்ளே இருந்த நுரையும் பள்ளமாகிவிட்டது. “சரக்கு மட்டம், அதான் உடைஞ்சிருக்கு. கல்லு மாதிரி இருக்கிறதா பார்த்து வாங்கு” என்கிறார் மாமா. கடையிலும் ஒரு ஹெல்மெட்டைத் தரையில் ஓங்கி அடித்துக் காட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதையே வாங்கிவிடலாமா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: அண்ணன் சிராய்ப்போடு எழுந்து வந்தாரே, அதுவே மகிழ்ச்சி. உங்கள் கேள்விக்கான பதில் மாமாவின் வாயிலேயே இருக்கிறது. அவர் சொன்னதை அப்படியே திருப்பிப் போட்டால் போதும். அந்த ஹெல்மெட் மட்டமான சரக்காக இருந்து நசுங்கவில்லை. நசுங்குவதுதான் அதற்குக் கொடுத்த வேலை.

மாமாவையும் குறை சொல்ல முடியாது. சட்டி, பூட்டு, நாற்காலி என்று நாம் காசு கொடுத்து வாங்கும் எல்லாவற்றிலும் உடையாததைத்தான் நல்லது என்கிறோம். ஹெல்மெட் அந்த வகையில் சேராது. சந்தையில் ஐஸ் போட்டு மீன் வருமே வெள்ளைப் பெட்டி, ஹெல்மெட்டின் உள்ளே இருப்பதும் அதே இனம்தான், இன்னும் அடர்த்தியாக வார்த்தது. இ.பி.எஸ். என்பார்கள். சின்னச் சின்ன மணிகளை ஆவியில் ஊதிப் பெருக்கி ஒட்டவைத்த பாலிஸ்டைரீன் நுரை. உள்துணியை விலக்கிப் பார்த்தால் தெரியும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நகத்தால் அழுத்திப் பார்க்க வேண்டாம். ஒருமுறை விழுந்த பள்ளம் மீளாது.

ஏன் நசுங்க வேண்டும்? தலை தரையில் மோதி நின்றுவிட்டாலும் உள்ளே இருக்கும் மூளை உடனே நிற்பதில்லை. அதே வேகத்தில் போய் மண்டையோட்டின் உட்சுவரில் முட்டுகிறது. ஆகவே தலை எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதுதான் கணக்கு. ஐ.நா.வின் 22ஆம் எண் ஒழுங்குவிதி ஹெல்மெட்டுக்குள் ஒரு உலோகத் தலையை வைத்து, நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் இரும்புப் பீடத்தில் மோதவிடச் சொல்கிறது. மணிக்கு 27 கிலோமீட்டர். அந்தத் தலை 1 மில்லிமீட்டரில் நின்றால் அது உணரும் வேகத்தளர்ச்சி ஏறக்குறைய 2,900 ஜி. ஜி என்பது புவியீர்ப்பின் மடங்கு. 1 சென்டிமீட்டரில் சீராக நின்றால் 290 ஜி. 2 சென்டிமீட்டர் கிடைத்தால் 145 ஜி. அந்த விதியின் 5ஆம் திருத்தம் போட்ட உச்சவரம்பு 275 ஜி. இப்போது பாருங்கள், உயிரும் சாவும் அந்த ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நுரைக்குள் அடங்கிவிடுகிறது. மாமா கேட்கும் கல்லில் அந்த ஒரு சென்டிமீட்டர் கிடைக்காது.

“நான் 60இல் போகிறேன், அவர்கள் 27இல் சோதித்தால் எப்படி?” என்று அடுத்து கேட்பீர்கள். நல்ல கேள்விதான். வழுக்கி விழும்போது உடல் முன்னோக்கிச் சறுக்குகிறது. தலை மட்டும் இருக்கை உயரத்திலிருந்து தரைக்கு இறங்குகிறது. ஒன்றரை மீட்டரிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்கூட இல்லை. நேரே கம்பத்திலோ லாரியின் பின்புறத்திலோ மோதினால் கதை வேறு. அங்கே எந்த ஹெல்மெட்டும் வாக்குக் கொடுக்காது.

கடைக்காரரின் வித்தைக்கு வருவோம். வெறும் ஹெல்மெட்டைத் தரையில் அடித்தால் உள்ளே தலை இல்லை. நான்கைந்து கிலோ எடையுள்ள தலை உள்ளேயிருந்து அழுத்தினால்தானே நுரை நசுங்கும்? அவர் காட்டியது வெளி ஓட்டின் முரட்டுத்தனத்தை மட்டும். அப்படி அடிபட்ட அந்த ஒரு உருப்படியை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? முதலில் பின்புறம், தரச் சான்று தரும் சிரிம் அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஹெல்மெட்டுக்கான மலேசியத் தரத்தின் பெயர் எம்.எஸ். 1. நாட்டின் தரப் பட்டியலில் ஒன்றாம் எண்ணே இதுதான். இங்கே மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு ஹெல்மெட் 1973இல் கட்டாயமானது. அதன் பலனாக மோட்டார் சைக்கிள் மரணங்கள் சுமார் 30 விழுக்காடு குறைந்ததாகத் தீபகற்ப மலேசியாவைப் பற்றி 1984இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆனால் சிரிம் முத்திரை முகம் திறந்த ஹெல்மெட்டிலும் இருக்கும். அது தாடைக்குக் காவல் இருப்பதாகச் சொல்வதில்லை. விழுகிறவர் முகம் குப்புற விழுவதும் தாடையைத் தேய்த்துக்கொண்டு போவதும் அன்றாடம் நடப்பது. அதனால் அண்ணனைப் போல ஃபுல் ஃபேஸ் வாங்குவதே சரி. தாடையைத் தூக்கித் திறக்கும் ரகம் வேண்டுமென்றால், ஐ.நா. விதிப்படி வந்ததில் வட்டத்துக்குள் இருக்கும் ‘ஈ’ எழுத்துக்குக் கீழே, எண்ணோடு ‘பி’ இருக்கிறதா என்று பாருங்கள். தாடைப் பட்டையும் சோதனையில் தேறியது என்று அர்த்தம். ‘என்.பி.’ என்றிருந்தால் தேறவில்லை, ‘ஜே’ மட்டும் இருந்தால் தாடைப் பட்டையே இல்லாத ரகம். அதே விதியின் 6ஆம் திருத்தம் சாய்வாக மோதும்போது தலை சுழலும் அதிர்ச்சியையும் அளக்கிறது. அந்தத் திருத்தத்தின்படி தேறியது கிடைத்தால் கூடுதல் நல்லது.

விலையை நம்ப வேண்டாம். பிரிட்டிஷ் போக்குவரத்துத் துறை 2007 முதல் நடத்தும் ஷார்ப் என்ற திட்டம், கடையில் வாங்கிய ஹெல்மெட்டுகளை மோதவிட்டு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடுகிறது. மலிவான சில ஐந்து வாங்கியிருக்கின்றன. பல மடங்கு விலையுள்ள சில மூன்றோடு நின்றிருக்கின்றன. கூடுதல் காசு பெரும்பாலும் எடைக்கும் சத்தத்துக்கும் வர்ணத்துக்கும் போகிறது. 80 வெள்ளிக்கும் 800 வெள்ளிக்கும் நடுவே தடுமாறுகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

பணத்தைவிட முக்கியம் அளவு. நானே ஒருமுறை கன்னம் வலிக்கிறது என்று ஓர் அளவு பெரிதாக வாங்கி, பினாங்குப் பாலத்தின் நடுவே கடற்காற்று அதைத் தூக்கிப் பிடிக்க, ஒரு கையால் தலையை அமுக்கிக்கொண்டே கரை சேர்ந்தேன். புது ஹெல்மெட் கன்னத்தை இறுக்கத்தான் வேண்டும். பேசினால் உள்கன்னம் பல்லில் படும். சில வாரத்தில் பஞ்சு தளர்ந்துவிடும். ஆனால் நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் அந்த ஹெல்மெட் உங்கள் தலைவாகுக்கு ஆகாது. நம்மில் பலருக்கு உருண்டைத் தலை. நீளவாக்குத் தலைக்குச் செய்த ஐரோப்பிய அச்சு நெற்றியை உறுத்தும். கடையிலேயே கால் மணி நேரம் போட்டு நில்லுங்கள். பிறகு வாரை மாட்டி, பின்னந்தலையில் கைவைத்து முன்பக்கமாக உருட்டித் தள்ளச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அளவு தப்பு.

வாரை மாட்டி என்றேன், கவனித்தீர்களா? மோதலில் வார் மாட்டாத ஹெல்மெட் உங்களுக்கு முன்பே போய் விழுந்துவிடும். இரண்டு வளையத்தில் கோத்து இழுக்கும் ரகம் ஒவ்வொரு முறையும் தானாகவே சரியான இறுக்கத்துக்கு வரும். கிளிக் என்று மாட்டும் ரகம் எளிது, ஆனால் நாளாக நாளாக வார் தளரும். மாதம் ஒருமுறை இழுத்துச் சரிசெய்யுங்கள்.

வேலை முடிந்து துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில் திரும்பும்போது இருட்டும் மழையும் சேர்ந்தே வரும். ஆகவே கறுப்பு வைசர் வேண்டாம், நிறமற்றதே போதும். ஹெல்மெட் கழுத்தை ஒடிக்கும் என்றும் யாராவது சொல்வார்கள். 2011இல் அமெரிக்காவில் 40,000க்கும் மேற்பட்ட விபத்துகளை ஆராய்ந்தவர்கள், ஹெல்மெட் போட்டவர்களுக்குக் கழுத்தெலும்புக் காயம் குறைவு என்றே கண்டார்கள்.

அண்ணனின் ஹெல்மெட் இனி யாருக்கும் உதவாது. வீசும்முன் கத்தரிக்கோலால் வாரை வெட்டிவிடுங்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கிறதே என்று யாராவது எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்வார்கள்.