கஞ்சாக் கடைக்குக் கட்டடம் விடுமுன்

கலிபோர்னியாவில் வணிகக் கட்டடத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. மாநிலம் அனுமதித்துவிட்டதே என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 2016-இல் மக்கள் வாக்களித்தார்கள். 2018 ஜனவரி 1 முதல் பொதுவிற்பனையும் நடக்கிறது. ஆனாலும் 1970-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இன்னும் இருக்கிறது. கஞ்சா விற்கத்தான் என்று தெரிந்தே இடம் விடுவது அதன்படி குற்றம். கட்டடத்தையே பறிமுதல் செய்யவும் வழியுண்டு. ஓக்லாந்தில் ஹார்பர்சைடு கடை இருந்த கட்டடத்தின் மேல் 2012-இல் அப்படித்தான் வழக்குப் போட்டார்கள். நகராட்சியே கடைக்கு ஆதரவாக நீதிமன்றம் போனது. மத்திய அரசு வழக்கைக் கைவிட்டது 2016-இல். அதுவரை அந்தக் கட்டடத்தை யார் விலைக்குக் கேட்டிருப்பார்கள்?

2. வாடகை பேசுமுன் தூரத்தை அளந்துவிடுங்கள். பள்ளி, குழந்தைகள் காப்பகம், இளைஞர் மையம் ஆகியவற்றிலிருந்து 600 அடி தள்ளியிருக்க வேண்டும் என்பது மாநிலத்தின் பொதுவிதி. நகராட்சி அதை மாற்றலாம்; கடையே கூடாது என்ற ஊர்களும் ஏராளம். அனுமதி உண்டென்று அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

3. கட்டடத்தின் மேல் கடன் இருந்தால் அடமானப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். ‘எல்லாச் சட்டங்களுக்கும் உட்பட்டு’ என்று ஒரு வரி இருக்கும். மத்தியச் சட்டமும் அதில் அடக்கம். வங்கி மொத்தக் கடனையும் உடனே கட்டச் சொல்லலாம். திவால் நீதிமன்றம் காப்பாற்றும் என்றும் எண்ணாதீர்கள். டென்வரில் கஞ்சா வளர்ப்பவர்களுக்குக் கிடங்கை விட்ட ஒரு நிறுவனம் அங்கே போனபோது, தெரிந்தே சட்டத்தை மீறுகிறவருக்கு அந்தப் பாதுகாப்பைக் கேட்க அருகதையில்லை என்று 2012-இல் சொல்லிவிட்டார்கள்.

4. ஒப்பந்தத்தில் உரிமம் கிடைக்காவிட்டால் என்ன, மத்திய அரசு நோட்டீஸ் வந்தால் என்ன என்று வெளிப்படையாக எழுதுங்கள். லாபத்தில் பங்கு கேட்கவே கேட்காதீர்கள், கட்டடக்காரர் கூட்டாளியாகிவிடுவார். நிலையான வாடகை போதும்.

5. வாடகை ரொக்கமாக வந்தால் 10,000 டாலரைத் தாண்டும்போது 15 நாளுக்குள் வருமான வரித் துறைக்கு 8300 படிவம் போக வேண்டும். இன்னொன்று: மத்திய வரிச் சட்டத்தில் 1982-இல் சேர்ந்த 280-இ பிரிவுக்குள் வரும் கடை, கொடுக்கும் வாடகையை வரிக்கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. கூட்டம் அலைமோதும் கடைகூட வாடகைப் பாக்கி வைப்பதற்கு இது ஒரு காரணம். முன்பணத்தைத் தாராளமாகவே கேளுங்கள்.

6. இது நம்மவர்களுக்கு. கஞ்சாத் தொழிலில் ஈடுபடுவது, மாநிலச் சட்டப்படி சரியானாலும், குடியுரிமைக்குத் தடையாகலாம் என்று 2019 ஏப்ரலிலேயே குடியேற்றத் துறை அறிவித்துவிட்டது. வேலைவிசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள், கட்டட உரிமையாளரானாலும் புரோக்கரானாலும், கையெழுத்துக்கு முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். ஒப்பந்தம் எழுதும் வழக்கறிஞர் இதை உங்களிடம் கேட்கமாட்டார்.