எலும்புப் பவுடர்: எந்தப் பிராணி, என்ன சோதனை?

பல் பிடுங்கிய குழியில் ‘எலும்புப் பவுடர்’ வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, அது எந்தப் பிராணியின் எலும்பு என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறோம். அது எந்தச் சோதனைகளைத் தாண்டி வந்தது என்றும் கேட்க வேண்டும்.

பல் போன இடத்தில் தாடை எலும்பு தானே கரையும். 12 மாதங்களில் அதன் அகலம் பாதியளவு குறையக்கூடும்; பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே. பிறகு இம்ப்ளான்ட் வைக்க எலும்பு போதாமல் போகலாம். நீர்க்கட்டி எடுத்த பள்ளத்தையும் இப்படி நிரப்புவதுண்டு. புற்றுநோய்க்காகத் தாடையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கோ பவுடர் போதாது. காலிலுள்ள மெல்லிய எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்துப் பொருத்துவார்கள். (புகையிலை போடும் பெரியவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.)

நோயாளியின் சொந்த எலும்புதான் இன்றும் முதல் தரம். அதற்கு இன்னொரு இடத்தில் கீற வேண்டும் என்பதால்தான் மாற்றுப் பொருள்கள் வந்தன. சுவிட்சர்லாந்தின் ‘பயோ-ஆஸ்’ மாட்டெலும்பிலிருந்து வருகிறது. அதே நிறுவனத்தின் ‘பயோ-கைட்’, பவுடர் மேல் மூடும் சவ்வு. அது பன்றியின் கொலாஜன். பவுடரைப் பற்றி மட்டும் விசாரித்தவர்களுக்கு இது தெரியாமலே போய்விடும். மூலப்பொருள் முற்றிலும் உருமாறினால் சட்டம் மாறுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெட்டியின் பெயரைச் சொல்லி உங்கள் ஜமாஅத் ஆலிமிடம் கேளுங்கள். பிராணியே சேராத செயற்கைப் பொருள்களும் உள்ளன. நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஹைட்ராக்ஸிஅபடைட்டுடன் உயிர்ச்செயல் கண்ணாடி சேர்த்து அப்படியொன்றை உருவாக்கியது.

இத்தகைய பொருளை எப்படிச் சோதிக்கிறார்கள்? முதலில் அதை ஊறவைத்த திரவத்தைச் செல்கள் மேல் ஊற்றி, அவை சாகின்றனவா என்று பார்ப்பார்கள். பிறகு பிராணிகளில். எலியின் மண்டையோட்டில் சுமார் 8 மில்லிமீட்டர் துளையிடுவது வழக்கம். சின்னத் துளை தானே ஆறிவிடும். பேர் பவுடருக்குப் போய்விடும். அதனால்தான் தானே ஆறாத அளவு. சில எலிகளில் துளையை வெறுமனே விட்டு ஒப்பிடுவார்கள். சில வாரங்கள் கழித்து மெல்லிய சீவல்களாக வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் புது எலும்பு வளர்ந்ததா, பவுடர் சும்மா கிடக்கிறதா என்று தெரியும். எக்ஸ்ரே மட்டும் போதாது. பவுடரிலேயே கால்சியம் இருப்பதால் வைத்த அன்றே வெள்ளையாகத் தெரியும். “எக்ஸ்ரேயில் எலும்பு நிறைந்துவிட்டது” என்று மறுவாரமே யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம், மாதங்கள் ஆகும்.

கடைசியாக மனிதர்களில். அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் கட்டாயம். பல் மருத்துவக் கல்லூரிகளில் இத்தகைய ஆய்வுகள் நடப்பதுண்டு. கையெழுத்துக் கேட்டால் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை தர வேண்டும். அது உங்கள் உரிமை.

பல் எடுக்கும் எல்லோருக்கும் பவுடர் தேவையில்லை. சந்தேகம் இருந்தால், 2023 நவம்பரில் திறக்கப்பட்ட புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இன்னொரு கருத்துக் கேட்கலாம். பவுடர், சவ்வு இரண்டின் பெட்டியையும் பிரிக்கும் முன்பே பார்த்து, மூலப்பொருள், உரிம எண், காலாவதித் தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். லாட் எண் உள்ள ஸ்டிக்கரை உங்கள் சிகிச்சைச் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.