காத்தலும் வெற்றியே

நுழையும்முன்

கோல் அடித்தவரை ஊர் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறது. கோல் விழாமல் காத்தவரோ ஆட்டம் முடிந்ததும் அமைதியாக வீடு திரும்புகிறார். நிகழ்ந்ததை எண்ணுவது எளிது. நிகழாமல் தடுக்கப்பட்டதை எவ்வாறு எண்ணுவது? அவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

தீர்த்தமலையின் அடிவாரத்தில் மாலை வெயில் தணிகிறது. கால்பந்து ஆட மாணவர் அணி பிரிக்கின்றனர். எல்லா ஊர்களிலும் எழும் சிக்கல் இங்கும் எழுகிறது. முன்களத்தில் ஆட அனைவரும் விரும்புவர். பின்களத்தில் நிற்க எவரும் முன்வாரார். மறுத்துப் பேசத் தெரியாத ஒருவரே இறுதியில் அங்கே நிறுத்தப்படுவார். அவ்விடம் அத்துணை எளியதா? சிறந்த தடுப்பாட்டக்காரர் என்னும் பெயருக்கு உரியவர் யார்?

நொச்சி மறவர்

காத்தலின் பெருமையைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். பகைவர் மதிலை முற்றுகையிடுவது உழிஞைத்திணை; உள்ளிருந்து மதிலைக் காப்பது நொச்சித்திணை. தொல்காப்பியம் நொச்சியை உழிஞைக்குள் அடக்கியது; பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித்திணையாகவே வகுத்தது. திருக்குறளிலும் அரணுக்கெனத் தனி அதிகாரம் உண்டு. தாக்குவோர்க்கு இணையாகக் காப்போரையும் போற்றிய மரபு நம்முடையது.

தவறவிட்ட ஓர் உதை

இந்தியக் கால்பந்தின் நொச்சி மறவருள் ஒருவர் சைலன் மன்னா. கொல்கத்தாவின் மோகன் பகான் கழகத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆடியவர். 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா 1–2 என்னும் கணக்கில் பிரான்சிடம் தோற்றது. அவ்வாட்டத்தில் அவர் ஒரு பெனால்டி வாய்ப்பைத் தவறவிட்டார். அதனைப் பலர் நினைவில் வைத்துள்ளனர்.

1951ஆம் ஆண்டு டெல்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவரே அணித்தலைவர். இந்தோனேசியா, ஆப்கானிஸ்தான், ஈரான் ஆகிய மூன்று அணிகளையும் வென்று இந்தியா தங்கம் பெற்றது. அம்மூன்று ஆட்டங்களிலும் இந்தியா ஒரு கோலும் வாங்கவில்லை. தவறிய ஓர் உதையை நினைவில் வைக்கும் நாம் அந்தச் சுழியத்தை மறந்துவிடுகிறோம்.

காயத்தோடு களத்தில்

மற்றொருவர் ஜர்னைல் சிங். 1936இல், இன்று பாகிஸ்தானில் உள்ள லயால்பூர்ப் பகுதியில் பிறந்தவர். நாட்டுப் பிரிவினையின்போது இந்தியாவுக்கு வந்தவர். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தாய்லாந்துடன் ஆடியபோது தலையில் காயமுற்றுத் தையல் போடப்பட்டது. ஆயினும் பயிற்றுநர் ரஹீம் அரையிறுதியில் அவரை முன்களத்தில் ஆடச் செய்தார். தென்வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். தென்கொரியாவுடனான இறுதியாட்டத்திலும் ஒரு கோல் அடித்தார். பீட்டர் தங்கராஜ் கோல் காவலராக நின்ற அவ்வாட்டத்தில் இந்தியா 2–1 என வென்று தங்கம் பெற்றது.

இங்கே ஒரு முரண் உண்டு. இத்துணைச் சிறந்த தடுப்பாட்டக்காரரையும் உலகம் அவர் அடித்த கோலைக் கொண்டே நினைவுகூர்கிறது!

எதனால் அளப்பது?

அவருடைய காவல் திறனை அறிய 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கைக் காண வேண்டும். வலிமைமிக்க ஹங்கேரி அணி பெருவுக்கு எதிராக ஆறு கோல்களும் பிரான்சுக்கு எதிராக ஏழு கோல்களும் அடித்தது. இந்தியாவுக்கு எதிராக அதனால் அடிக்க இயன்றவை இரண்டே. இந்தியா 1–2 எனத் தோற்றது உண்மை. எனினும், விழாமற்போன கோல்களை எண்ணத் தெரிந்தவர்க்கு அத்தோல்வியின் உயரம் புலப்படும். அக்காவலரணின் நடுவில் நின்றவர் ஜர்னைல் சிங். அது ஒருவர் செயலன்று. பின்களத்தோர் அனைவரின் கூட்டுமுயற்சி. ஆயினும் அரணுக்கு நடுத்தூண் இன்றியமையாதது.

எனவே, இந்தியாவின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங் என்பது நம் முடிவு. ஜகார்த்தாவின் கோல்கள் அவர் துணிவுக்குச் சான்று. ரோமின் காவலே அவர் தகுதிக்குச் சான்று. மன்னாவை முன்னிறுத்துவோரும் உளர். அவர்தம் வாதத்துக்கு 1951ஆம் ஆண்டின் சுழியம் வலிமை சேர்க்கும்.

நோயைத் தடுக்கும் செவிலியர், கரை உடையாமல் ஏரியைக் காப்போர் ஆகியோரின் வெற்றியும் இத்தகையதே. அவர்கள் கடமையைச் செவ்வனே செய்யும்போது எதுவும் நிகழ்வதில்லை. எதுவும் நிகழாததால் எவரும் பாராட்டுவதுமில்லை. அடுத்த முறை அணி பிரிக்கும்போது, 'பின்களத்தில் நான் நிற்கிறேன்' என்று ஒருவர் விரும்பி முன்வரட்டும். அன்று அவ்விடத்தின் பெருமை நமக்கு விளங்கிவிட்டது எனலாம்.

தெரிந்து தெளிவோம்

ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலன் டி ஓர் விருது 1956 முதல் வழங்கப்படுகிறது. ஆடவருள் அதனைப் பெற்ற தடுப்பாட்டக்காரர்கள் மூவரே. ஜெர்மனியின் பெக்கன்பவர் (1972, 1976), சாமர் (1996), இத்தாலியின் கன்னவாரோ (2006) ஆகியோர் அம்மூவர்.

கற்பவை கற்றபின்

1. 'சிறந்த தடுப்பாட்டக்காரர் சைலன் மன்னாவா, ஜர்னைல் சிங்கா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
2. உம் ஊரில் தீங்கு நேராமல் காக்கும் பணியாளர் ஒருவரைச் சந்தித்து, அவர் பணி குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.