சுவரில் விழுந்த ஒளிக்கோடு

"வாகனங்களின் முகப்பு விளக்குகளில் பயன்படும் ஆடி எது?" என்பது நாம் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் ஒரு மதிப்பெண் வினா. "குழி ஆடி" என்று மாணவர்களும் தவறாமல் எழுதிவிடுவார்கள். நானும் அத்துடன் நிறைவடைந்துவிடுவேன். பத்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்வி அந்த நிறைவைக் கலைத்தது.

"சார், குவியத்தில் பல்பை வைத்தால் கதிர்கள் இணையாக நேரே போகும் என்கிறீர்கள். அப்படியானால் எதிரில் வருபவர்களுக்குக் கண் கூசாதா? எங்கள் அப்பா லாரியைப் பார்த்து எல்லோரும் லைட்டை அடித்து அடித்துக் காட்டுகிறார்களாம்."

நாமக்கல் பகுதியில் லாரியோடு தொடர்பில்லாத குடும்பம் குறைவு. அந்த மாணவியின் தந்தை சொந்த லாரி வைத்து ஓட்டுபவர். மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து எங்கள் மாணவர்கள் பலர் சைக்கிளில் வீடு திரும்புவதும் லாரிகள் ஓடும் அதே சாலையில்தான். எனவே இதை வகுப்பறைக்குள் முடித்துவிட மனம் வரவில்லை.

பல்புக்குள் ஒரு பாடம்

முதலில் பட்டறையிலிருந்து எரிந்துபோன ஹெட்லைட் பல்பு ஒன்றை வாங்கி வந்தேன். அதில் இரண்டு இழைகள் இருப்பதை மாணவர்கள் கண்டார்கள். பிரைட் இழை, ஏறக்குறைய குவியத்தில் அமைகிறது. அதனால் கதிர்கள் இணையாக நெடுந்தூரம் செல்கின்றன. டிம் இழையோ குவியத்திற்குச் சற்று முன்னால், ஆடியை விட்டு விலகி இருக்கிறது. அதன் அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணமும் உண்டு. கீழ்நோக்கிச் செல்லும் ஒளியைக் கிண்ணம் மறைத்துவிடுவதால், ஆடியின் மேல்பாதியில் பட்ட ஒளி மட்டுமே எதிரொளித்துக் கீழ்நோக்கி இறங்குகிறது. பொருள் குவியத்திற்கு அப்பால் இருந்தால் கதிர்கள் குவியும் என்று கரும்பலகையில் வரைந்த அதே கதிர்ப்படம்தான்.

ஆக, டிம் ஒளி கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. கூசுகிறது என்றால் விளக்கு பொருத்தப்பட்ட கோணத்தில் பிழை இருக்க வேண்டும்.

அளந்து பார்த்தோம்

ஒரு ஞாயிறு மாலை, பெற்றோர் அனுமதியுடன் எட்டு மாணவர்கள் அந்த மாணவியின் வீட்டருகே கூடினோம். எதிரே சுண்ணாம்பு அடித்த நீளமான சுவர். தேவைப்பட்டவை: டேப், சாக்பீஸ், நூல், விளக்கை மூட ஒரு சாக்கு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்.

முதல் முயற்சியில் தவறினோம். தரையிலிருந்து விளக்கின் மையம் வரை 95 செ.மீ. அளந்து, சுவரடியிலிருந்தும் 95 செ.மீ. உயரத்தில் கோடு போட்டோம். பிறகு தண்ணீர் டியூபைப் பிடித்துப் பார்த்தால், சுவர்ப்பக்கத் தரை 7 செ.மீ. தாழ்வு! 10 செ.மீ. வித்தியாசத்தைத் தேடும் இடத்தில் 7 செ.மீ. பிழை என்றால் அளவீடே பொய்யாகிவிடும். லாரியை மட்டமான இடத்திற்கு நகர்த்தி மீண்டும் தொடங்கினோம். இந்தத் தவறு இல்லாவிட்டால் சமதளம் ஏன் தேவை என்பதை நான் சொல்லித்தான் புரியவைத்திருக்க வேண்டும்.

செய்முறை இதுதான்:

1. டயர்களில் காற்றைச் சரிபார்த்து, வண்டியைச் சுவருக்கு நேராக, விளக்கிலிருந்து சுவர் 10 மீட்டர் தொலைவில் இருக்குமாறு நிறுத்த வேண்டும். கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும்.
2. விளக்கு மையத்தின் உயரத்தைச் சுவரில் கோடாகக் குறிக்க வேண்டும்.
3. அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொரு கோடு போட வேண்டும்.
4. இருட்டியதும் டிம் லைட்டைப் போட்டு, ஒரு விளக்கைச் சாக்கால் சில நொடிகள் மட்டும் மறைத்து, மற்றதைப் பார்க்க வேண்டும். சூடான விளக்கின் மேல் சாக்கை விட்டுவைக்கக் கூடாது.
5. ஒளியின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் பொருந்த வேண்டும்.

நாம் சாலையின் இடப்புறம் செல்வதால், விளிம்பு வலப்பக்கம் கிடைமட்டமாகவும் இடப்பக்கம் மேலே சாய்ந்தும் விழும். எதிரில் வருபவரின் கண்ணைக் காத்து, சாலையோரம் நடப்பவரைக் காட்டுவதற்கான ஏற்பாடு அது. அளக்க வேண்டியது கிடைமட்டப் பகுதியை.

இடது விளக்கு 86 செ.மீ. உயரத்தில் விழுந்தது, ஏறக்குறைய சரி. வலது விளக்கு 104 செ.மீ.! சில மாதங்களுக்கு முன் லேசான மோதலுக்குப் பின் அந்த விளக்கை மாற்றியிருந்தார்களாம்.

கணக்கு பேசியது

10 மீட்டரில் 9 செ.மீ. ஏற்றம் என்றால், ஒத்த முக்கோணங்களின்படி ஒவ்வொரு மீட்டருக்கும் 0.9 செ.மீ. உயர்கிறது. இருசக்கர வாகனத்தில் நான் அமர்ந்திருக்கும்போது என் கண்ணின் உயரம் 145 செ.மீ. என்று மாணவர்கள் அளந்தார்கள். 145இலிருந்து 95ஐக் கழித்து 0.9ஆல் வகுத்தால் சுமார் 56. அதாவது 56 மீட்டருக்கு அப்பால் வரும்போதெல்லாம் என் கண் அந்த ஒளிக்குள்தான் இருக்கும்.

சரியாக அமைத்தால்? மீட்டருக்கு 1 செ.மீ. இறங்கி, 95 மீட்டரில் ஒளி தரையைத் தொடும். இந்த இறக்கக் கோணம் 0.6 பாகைக்கும் குறைவு. இவ்வளவு சிறிய கோணம் இவ்வளவு பெரிய வேறுபாட்டைச் செய்வது மாணவர்களை வியக்கவைத்தது.

மாணவியின் தந்தை விளக்கின் பின்னால் இருந்த ஸ்குரூவைத் திருப்ப, ஒளிக்கோடு மெல்ல இறங்கி 85இல் நின்றது. "எதிர்ல வர்றவனெல்லாம் திமிர்ல லைட் அடிக்கிறான்னு நெனச்சேனுங்க சார். எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்" என்றார்.

முடிவல்ல, அடுத்த வினா

"பாரம் ஏற்றினால் பின்புறம் தாழுமே, அப்போது?" என்று ஒரு மாணவன் கேட்டான். அடுத்த வாரம் பாரத்துடன் வந்தபோது அளந்தோம். அச்சுகளுக்கு நேராக, பின்புறம் 7 செ.மீ., முன்புறம் 1 செ.மீ. தாழ்ந்திருந்தது. அச்சுகளுக்கு இடையே 480 செ.மீ. வித்தியாசம் 6 செ.மீ.; அது 1.25 விழுக்காடு. நாம் வைத்த 1 விழுக்காடு இறக்கம் முழுவதும் போய், ஒளி மீண்டும் மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது!

இருக்கையிலிருந்தே விளக்கை ஏற்றி இறக்கும் வசதி சில வண்டிகளில் உண்டு. இந்த லாரியில் இல்லை. பெரும்பாலும் பாரத்துடனே ஓடுவதால் பாரத்தோடு வைத்தே 1 விழுக்காடு இறக்கினார். அப்படியானால் காலியாக வரும்போது இறக்கம் 2.25 விழுக்காடு, ஒளி 42 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 16.7 மீட்டர் ஓடும் வண்டி, 42 மீட்டரை இரண்டரை நொடியில் கடந்துவிடும். "அப்போ காலி வண்டியை ராத்திரியில மெதுவாத்தான் ஓட்டணும்" என்று மாணவியே தந்தையிடம் சொன்னாள். அவர் மறுக்கவில்லை.

ஆசிரியர்களுக்கு

லாரி கிடைக்காத பள்ளிகளில், ஒரு டார்ச்சும் 2 மீட்டர் தொலைவில் ஒரு சுவரும் போதும். டார்ச்சைப் பலகையில் கட்டி, பின்முனையைத் தாழ்த்தி, ஒளி எவ்வளவு உயர்கிறது என்று அட்டவணைப்படுத்தலாம். விளக்கை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வண்டியில் செய்வதானால் ஸ்குரூவைத் திருப்புவது பெரியவர்களின் வேலையாக இருக்கட்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 106ஆம் விதியையும் வகுப்பில் பேசலாம். விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது என்கிறது அது. இந்த மூன்று அளவுகளை வைத்து ஒரு படம் வரையச் சொன்னாலே நல்ல மதிப்பீடாகும்.

அந்த ஒரு மதிப்பெண் வினாவை இப்போதும் கேட்கிறேன். கூடவே, "அந்த ஒளி யார் கண்ணில் படக் கூடாது, அதற்கு எவ்வளவு இறக்க வேண்டும்?" என்றும் கேட்கிறேன்.