சிறு பம்பு மோட்டாரும் அதை ஓட்டும் ஐ.சி.யும்: தெரிவு செய்வது எப்படி?

இடம்பெயர்ந்து, பிறருடைய காணியில் கொட்டில் போட்டு இருக்கும் குடும்பத்துக்குப் பெரிய கிணறு வெட்டவோ மின் இணைப்பு எடுக்கவோ வழி இருப்பதில்லை. 2022 இல் எரிபொருளுக்காக வரிசையில் நின்ற நாட்களையும் நாம் மறக்கவில்லை. இயந்திரம் நின்றால் கத்தரியும் மிளகாயும் வாடும். எனவே வெயிலில் ஓடுகின்ற, மறுபடி இடம் மாற நேர்ந்தால் பையில் போட்டுத் தூக்கிச் செல்லக்கூடிய சிறு பம்பைப் பற்றி இந்தப் பாடத்தில் படிப்போம்.

மன்னார்த் தீவுக்கு இது பொருந்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இங்கே மணலுக்குள் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. பெரிய இயந்திரத்தால் வேகமாக இறைத்தால் கீழேயுள்ள உப்புநீர் மேலேறும். மெதுவாக இறைக்கும் பம்பு கிணற்றையும் காப்பாற்றும்.

எவ்வளவு வலு வேண்டும்?

5 மீற்றர் ஆழத்திலிருந்து 1,000 லீற்றர் தண்ணீரை உயர்த்த, கணக்குப்படி ஏறக்குறைய 14 வாற்-மணி போதும். பம்பிலும் மோட்டாரிலும் குழாயிலும் மூன்றில் இரண்டு பங்கு வீணாகும் என்று வைத்தால் 42 வாற்-மணி தேவை. ஆகவே 48 வாற் மோட்டார் ஒரு மணித்தியாலத்தில் இந்த வேலையை முடித்துவிடும். 24 வோல்ற்றில் அது எடுப்பது 2 அம்பியர்.

ஓட்டும் ஐ.சி. எதற்கு?

பழைய மாதிரி மோட்டாரில் காபன் பிரஷ் உரசி உரசி மின்சாரத்தைச் சுருளுக்குக் கொடுக்கும். பிரஷ் தேய்ந்தால் மோட்டார் நிற்கும். பிரஷ் இல்லாத மோட்டாரில் காந்தம் சுழல்கிறது. மூன்று சுருள்கள் அசையாமல் இருக்கின்றன. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது என்று தீர்மானித்து மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் ஓட்டும் ஐ.சி. அது இல்லாமல் சுருள்களைப் பற்றரியில் நேரே பூட்டினால் மோட்டார் சுழலாது, சூடாகிக் கருகும்.

வாங்குமுன் நான்கு கேள்விகள்

1. எத்தனை வோல்ற் தாங்கும்? பலர் தவறுவது இங்கேதான். "24 வோல்ற்" சோலார் பனல், சுமை இல்லாதபோது 40 வோல்ற்றுக்கு மேல் காட்டும். 24 வோல்ற் பற்றரியும் சார்ஜ் ஆகும்போது 28 வோல்ற்றைத் தாண்டும். டி.ஆர்.வி. 10983 என்ற ஐ.சி. 8 முதல் 28 வோல்ற் வரைக்கும் உரியது. அது 12 வோல்ற் பற்றரிக்கு நல்லது. 24 வோல்ற் பனலில் நேரே பூட்டினால் எரிந்துவிடும். எல் 6235 என்பது 52 வோல்ற் வரை வேலை செய்யும்.

2. எத்தனை அம்பியர் தாங்கும்? ஓடும்போது 2 அம்பியர் எடுக்கும் மோட்டார், தொடங்கும்போதும் மணல் புகுந்து இறுகும்போதும் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். எனவே மின்னோட்டத்தைத் தானே மட்டுப்படுத்தும் ஐ.சி. வேண்டும். மேற்சொன்ன இரண்டிலும் அந்தப் பாதுகாப்பு உண்டு.

3. சென்சர் உள்ளதா, இல்லாததா? மோட்டாரிலிருந்து மூன்று வயர் மட்டும் வந்தால் சென்சர் இல்லை. மூன்று தடித்த வயருடன் ஐந்து மெல்லிய வயரும் வந்தால் காந்தத்தின் நிலையைச் சொல்லும் ஹோல் சென்சர் உண்டு. டி.ஆர்.வி. 10983 சென்சர் இல்லாத மோட்டாருக்கு. எல் 6235 சென்சர் உள்ளதற்கு. சென்சர் இல்லாத மோட்டாரை எல் 6235 இல் பூட்டினால் ஓடாது. பம்புக்கும் மின்விசிறிக்கும் சென்சர் இல்லாதது போதும். பாரத்தோடு புறப்படும் வண்டிச் சக்கரத்துக்குச் சென்சர் உள்ளதே நல்லது.

4. சூடு எங்கே போகும்? எல் 6235 இல் மின்சாரம் செல்லும் வழியில் சுமார் 0.6 ஓம் தடை உண்டு. 2 அம்பியர் ஓடினால் 2.4 வாற் சூடாக மாறும். நகமளவு பொருளுக்கு இது அதிகம். அகன்ற செப்புப் பரப்புள்ள பலகையில் ஐ.சி. இருக்க வேண்டும். பெட்டியை நிழலில் வையுங்கள்.

சிறு பம்புகள் பலவற்றில் ஐ.சி. பிசினுக்குள் மூடப்பட்டே வருகிறது. பிரித்து மாற்ற முடியாது. அப்படியானால் இதே கேள்விகளைக் கடைக்காரரிடம் கேளுங்கள். தகட்டில் எழுதியுள்ள வோல்ற் அளவை வாசியுங்கள். பனலை நேரே பூட்டலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெளியே உள்ள கொன்ட்ரோலர் என்றால் உப்புக் காற்று படாமல் இறுக மூடிய பெட்டியில் வைத்து, வயரில் பியூஸ் ஒன்றும் போடுங்கள். சேர்த்த பணத்தில் ஒருமுறை வாங்குவது. தவறினால் மறுமுறை வாங்க நம்மிடம் இராது.

குழுவில் கலந்துரையாட:

• நமது கிணற்றில் தண்ணீர் எத்தனை மீற்றர் ஆழத்தில் நிற்கிறது? கோடையில் எவ்வளவு இறங்குகிறது?

• நமது தோட்டத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் தேவை?

• இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பம்பு வாங்கினால், அதை யார் பொறுப்பில் வைப்பது? ஒரு குடும்பம் சொந்த ஊருக்குத் திரும்பினால் அதன் பங்கை எப்படிக் கொடுப்பது?