பெடலைப் பார்த்து ஷூவை வாங்கு

அன்புள்ள கயல்,

ஸ்பின் பைக்குக்கு எந்த ஷூ வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். எல்லாமே நல்ல ஷூக்கள்தான். ஆனால் அவற்றில் எது உனக்கு ஆகும் என்று சொல்ல, உன் வண்டியின் பெடலைப் பார்த்தாக வேண்டும். சைக்கிள் ஷூவைத் தேர்ந்தெடுப்பது பெடல்தான். நிறமும் விலையும் அதற்குப் பிறகு. பெடலோடு சேராத ஷூ எவ்வளவு உயர்ந்ததானாலும் ஒருநாள்கூட உபயோகப்படாது.

அதற்கும் முன்னால், இப்படியொரு ஷூ உனக்கு வேண்டுமா என்று யோசி. தினமும் இருபது நிமிடம் டிவி பார்த்துக்கொண்டே மெதுவாக மிதிப்பவர்களுக்குத் தேவையே இல்லை. அடி கெட்டியான சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூவும், பெடலில் இருக்கும் வாரும் போதும். ஓட்டப் பயிற்சிக்கான ஷூவை மட்டும் தவிர்த்துவிடு. அதன் அடியில் இருக்கும் மெத்தென்ற நுரை, ஓடும்போது அதிர்ச்சியைத் தாங்குவதற்காக வைத்தது. பெடலில் அதே நுரை ஒவ்வொரு மிதிக்கும் அமுங்கும், பாதம் பெடலின் விளிம்பில் வளையும், அரைமணி நேரத்தில் உள்ளங்காலில் வலி தொடங்கும்.

வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் ஸ்பின் பைக்கில் ஏறுகிறவர்களை அடுக்குமாடி ஜிம்களில் நிறையப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. தெருவில் ஓட்டும் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் பெடலும் நின்றுவிடும். பெரும்பாலான ஸ்பின் பைக்குகளில் அப்படி இல்லை. முன்னால் இருக்கும் கனமான சக்கரம் சுற்றும்வரை பெடலும் சேர்ந்து சுற்றும். கால் வழுக்கினால் அந்தப் பெடல் திரும்பி வந்து முழங்காலுக்குக் கீழே, எலும்பிலேயே அடிக்கும்.

நீ வகுப்புக் காணொளிகளைப் பார்த்து முக்கால் மணி நேரம், நடுநடுவே எழுந்து நின்றும் மிதிப்பதாகச் சொன்னாய். அப்படியானால் ஷூ வாங்குவது நியாயம். சைக்கிள் ஷூவின் அடிப்பாகம் வளையாது. மிதிக்கும் பலம் ஒரே புள்ளியில் அழுத்தாமல் பாதம் முழுக்கப் பரவும். அடியில் திருகியிருக்கும் கிளீட் என்ற சிறிய துண்டு பெடலோடு பூட்டிக்கொள்வதால் கால் நழுவாது.

இந்தப் பூட்டு முறை பனிச்சறுக்கிலிருந்து வந்தது. பிரான்சின் நெவேர் நகரில் பனிச்சறுக்குப் பலகையோடு காலணியை இணைக்கும் பூட்டுகளைச் செய்துவந்த லுக் நிறுவனம், 1984இல் அதே வித்தையைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே பெர்னார் இனோ அந்தப் பெடலில் ஓட்டி டூர் டி பிரான்ஸை வென்றார். அதுவரை தோல்வாரால் காலைக் கட்டிக்கொண்டு ஓட்டிய பந்தய வீரர்கள் சில ஆண்டுகளிலேயே மாறிவிட்டார்கள். அந்த வகைக் கிளீட் பெரிய பிளாஸ்டிக் முக்கோணம். மூன்று போல்ட்டில் நிற்கும். 1990இல் ஜப்பானின் ஷிமானோ, மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் இறங்கி நடக்கவும் வேண்டுமே என்று எஸ்பிடி முறையைக் கொண்டுவந்தது. அது இரண்டே போல்ட்டில் நிற்கும் சிறிய உலோகத் துண்டு. ஷூவின் அடியில் இருக்கும் பள்ளத்துக்குள் அடங்கிவிடும்.

இப்போது வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெடலைத் திருப்பிப் பார். கட்டைவிரல் அகலத்தில் உலோகக் கவ்வி தெரிந்தால் எஸ்பிடி. அகலமான முக்கோண மேடை தெரிந்தால் லுக் அல்லது ஷிமானோவின் எஸ்பிடி-எஸ்எல். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மூன்று துளை உள்ள ஷூவில் இந்த முக்கோண வகைகள் எல்லாவற்றின் கிளீட்டையும் திருகலாம். ஆனால் ஒன்றின் கிளீட் மற்றொன்றின் பெடலில் மாட்டாது. லுக்கிலேயே பழைய டெல்டாவும் பிறகு வந்த கியோவும் ஒன்றோடொன்று சேராது. அமெரிக்கக் காணொளிகளில் வரும் பெலோட்டன் வண்டியில் இருப்பது லுக் டெல்டா. அதற்காகப் பரிந்துரைக்கும் ஷூவையும் கிளீட்டையும் நீ அப்படியே வாங்கினால் உன் வண்டியில் பொருந்துமென்று நம்ப முடியாது. கிளீட் பொதுவாகப் பெடலோடுதான் வரும், ஷூவோடு வராது. நீ வாங்கியது பழைய வண்டி என்பதால் தனியாகக் கேட்டு வாங்கு.

என் முடிவைக் கேட்டால், வீட்டுக்குள் ஓட்ட எஸ்பிடிதான். பெடலை மாற்ற நேர்ந்தாலும், ஒருபக்கம் எஸ்பிடியும் மறுபக்கம் வார்க்கூண்டும் உள்ள பெடலை வாங்கு. அதே வண்டியை அப்பாவும் ஓட்டப்போகிறார் அல்லவா? அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் இறுக்கமான ஷூ கடிப்பதுகூடத் தெரியாமல் புண்ணாகிவிடும். அவர் தாராளமான சாதாரண ஷூவோடு கூண்டுப் பக்கத்தில் மிதிக்கட்டும், ஓட்டி முடித்ததும் பாதத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். பெடலைக் கழற்றும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: இடது பெடலின் மரை தலைகீழ். அதைக் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் பலம் போட்டால் மரை வீணாகும்.

கடைக்கு மாலையில் போ. பகலெல்லாம் நடந்த கால் அப்போதுதான் சற்று விரிந்திருக்கும். மிதிக்கும்போதும் அப்படித்தான் விரியும். போடப்போகும் சாக்ஸையும் எடுத்துக்கொள். நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். ஐரோப்பிய ஷூக்கள் பல அங்கே குறுகலாக இருக்கும். நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிக்கட்டாதே, அகல அளவு இருக்கிறதா என்று கேள். விரல்கள் அசைய வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. கார்பன் அடிப்பாகத்துக்குப் பணம் கொடுக்காதே, நைலான் போதும். வீட்டுக்குள் எதிர்காற்று கிடையாது, கால் வெந்துபோகும். வலைத்துணி மேல்பாகம் உள்ளதாகப் பார்த்து எடு. கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டையே தாராளம்.

ஷூ வாங்கியபின் கிளீட்டைப் பொருத்துவதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. முழங்கால் வலியென்று வருபவர்களின் கிளீட்டை முதலில் பார்ப்பது என் வழக்கம். ஷூவைப் போட்டுக்கொண்டு, பெருவிரலின் அடியில் பக்கவாட்டில் புடைத்திருக்கும் எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடி. அந்த இடத்தில் ஷூவின் வெளியே பேனாவால் ஒரு கோடு போடு. சுண்டுவிரல் பக்கமும் அதேபோல ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில், அல்லது சற்றே பின்னால், கிளீட்டின் மையம் வர வேண்டும். முன்னால் தள்ளிப் போனால் கெண்டைக்காலும் குதிநரம்பும் இழுக்கும். பிறகு மேசையில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிட்டுப் பார். பாதம் இயல்பாக வெளிப்பக்கம் எவ்வளவு திரும்புகிறதோ, கிளீட்டும் அதையே அனுசரித்துத் திரும்பியிருக்கட்டும். நேராக இருக்க வேண்டுமென்று பாதத்தைக் கட்டாயப்படுத்தினால் முழங்கால்தான் பதில் சொல்லும். நான்கு மில்லிமீட்டர் ஆலன் கீயால் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி இறுக்கு. மரையில் துளி கிரீஸ் தடவிவிடு, இல்லாவிட்டால் வியர்வையின் உப்பு துருப்பிடிக்க வைத்து போல்ட்டைக் கழற்ற முடியாமல் செய்துவிடும்.

மாட்டுவதும் கழற்றுவதும் பழக்கம்தான். முன்பாதத்தைத் தாழ்த்திக் கவ்வியின் முனையில் செருகி அழுத்தினால் டக்கென்று பூட்டும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடுபடும். ஷிமானோவின் எஸ்.எச். 56 கிளீட் பல திசைகளிலும் விடுபடுவதால், பழகும்வரை அது நல்லது. பெடலில் இருக்கும் சிறிய திருகைத் தளர்த்தி, பிடிப்பைக் குறைந்த அளவில் வைத்துக்கொள். ஏறி உட்கார்ந்து, சக்கரம் அசையாதபோது இரண்டு காலையும் பத்துப் பன்னிரண்டு முறை மாட்டிக் கழற்றிப் பார்த்த பிறகே மிதிக்கத் தொடங்கு. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது காலை விடுவிக்க ஒருபோதும் முயலாதே. நிறுத்த வேண்டுமானால் வண்டியின் நடுவில் இருக்கும் குமிழை அழுத்து, சக்கரம் நிற்கட்டும், பிறகு இறங்கு.

ஓட்டி முடித்ததும் ஷூவின் உள்ளட்டையை எடுத்து ஃபேனுக்கடியில் வை. கடும் வெயிலில் காயப்போட்டால் பசை விட்டுவிடும். முதல் வாரத்தில் போல்ட்டுகள் சற்றுத் தளரும், மறக்காமல் இறுக்கு. விரல் மரத்துப்போனால் முதலில் பட்டையைத் தளர்த்து. முழங்கால் வலித்தால் கிளீட்டை ஒரு மில்லிமீட்டர் நகர்த்திப் பார். அப்படியும் ஒரு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால், பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்காதே கண்ணு, வண்டியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ.

அன்புடன்,
மாமா